முதுகையும் குதிகாலையும் பாருங்கள்

கேள்வி: அம்மா எட்டு மாதமாக முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். எழுந்து நடக்க முடியாது. இடம் சுத்தமாக இருக்கிறது, ஊழியர்களும் அன்பாகப் பேசுகிறார்கள். ஆனால் போன வாரம் உடை மாற்றும்போது இடுப்புக்குக் கீழே ஒரு சிவந்த தடம் பார்த்தேன். ‘படுத்தே இருந்தால் வருவதுதான்’ என்கிறார்கள். அப்படியா?

பதில்: அப்படி விட்டுவிடாதீர்கள். படுக்கைப் புண்ணின் முதல் நிலை அப்படித்தான் இருக்கும். அந்த இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அடியில் திசு நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இயல்பிலேயே கறுத்த தோலில் இந்தச் சோதனை ஏமாற்றும். பக்கத்துத் தோலைவிட அந்த இடம் கருநீலமாக, சூடாக, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வால் எலும்பு, இரண்டு இடுப்பு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை, காது மடல் என எலும்பு துருத்தும் இடம் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். குதிகாலைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, காலுறைக்குள் மறைந்துவிடுகிறது.

தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பும்போது ஒரேயடியாகப் பக்கவாட்டில் நிறுத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவில் சாய்த்தால் இடுப்பெலும்பு தப்பிக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். ஏர் பெட் போட்டிருக்கிறோம் என்பார்கள். நல்லதுதான், ஆனால் அது திருப்புவதற்கு மாற்று இல்லை. சிவந்த இடத்தைத் தேய்த்து விடுவதும், நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையை வைப்பதும் தவறு. தேய்த்தால் நசுங்கிய திசு மேலும் கிழியும். வளையம் சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும்.

அம்மாவைத் திருப்பிய நேரம் எழுதும் சார்ட்டைக் கேளுங்கள். எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், 2, 4, 6 என்று பிசகில்லாமல் நிரம்பியிருந்தால் நாள் முடிவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியதோ என்று சந்தேகப்படலாம். மரணத் தறுவாயில் இருப்பவருக்கு எவ்வளவு கவனித்தாலும் புண் வருவதுண்டு, அது வேறு. உங்கள் அம்மாவின் நிலை அதுவல்ல என்றால் ‘வருவதுதான்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

கேள்வி: அப்பா மிகவும் இளைத்துவிட்டார். ‘சாப்பாடு வேண்டாம் என்கிறார்’ என்கிறார்கள்.

பதில்: எடைக் குறிப்பை வாங்கிப் பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் அந்தக் கணக்குதான். அடுத்து, முன்னறிவிப்பில்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்காருங்கள். தட்டைக் கைக்கு எட்டாத மேசையில் வைத்துவிட்டுப் போய், கால் மணி நேரத்தில் அப்படியே எடுத்துச் செல்வதற்குப் பெயரும் ‘வேண்டாம் என்றார்’ தான். மறதி நோய் உள்ளவருக்கு ஊட்டி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். பல்செட் வாயில் இருக்கிறதா, டப்பாவிலா? இளைத்ததால் பல்செட் தளர்ந்திருந்தால் ஈறு புண்ணாகி மெல்லவே முடியாது. வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்: நாக்கு வெடித்து, வெள்ளை படிந்து இருந்தால் வாய் கழுவிவிட ஆளில்லாமலோ, தண்ணீர் போதாமலோ இருக்கலாம். முதியவர்களுக்குப் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர் வறட்சியைச் சொல்ல முடியாது, வயதால் அது தொய்ந்தே இருக்கும். அடர் நிறச் சிறுநீர், உலர்ந்த நாக்கு, திடீர்க் குழப்பம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

கேள்வி: எந்நேரம் போனாலும் மாமியார் தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

பதில்: புதிதாக என்ன மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து, எதற்காக, யார் எழுதியது என்ற நான்கையும் கேளுங்கள். தூக்க மாத்திரையும் மனநோய் மருந்தும் தொந்தரவில்லாமல் கிடக்க வைக்கத் தரப்படக் கூடாது. அவற்றால் கீழே விழுவதும் புரையேறுவதும் கூடும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நிமோனியா போன்றவையும் இப்படிச் சோர வைக்கும். திடீர் மாற்றம் என்றால் மருத்துவர் அன்றைக்கே பார்க்க வேண்டும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கையில் கன்றிய தடங்கள் இருக்கின்றன. அடித்திருப்பார்களோ?

பதில்: ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குப் புறங்கையிலும் முன்கையிலும் லேசாக இடித்தாலே கன்றும். மேற்கையின் இரு பக்கமும் விரல் பதிந்தாற்போல், மணிக்கட்டைச் சுற்றிக் கட்டியதுபோல், உள்தொடையில், முகத்தில் இருந்தால் விளக்கம் கேட்டே ஆக வேண்டும். கேட்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

கேள்வி: புகார் சொன்னால் அந்தக் கோபத்தை இல்லத்தில் இருப்பவர்மேல் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். அதனால்தான் அட்டெண்டரிடம் கோபப்படாமல், பொறுப்பு நர்ஸிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறோம். ஒரு ஆள் இருபது பேரைப் பார்க்க வேண்டிய ஷிப்டில், தவறு பெரும்பாலும் அந்த ஆளுடையது அல்ல. சிறு நோட்டில் தேதி, நேரம், பார்த்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் என்று குறித்து வையுங்கள். புண் இருந்தால், அவருக்குச் சம்மதமெனில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அடுத்த வாரம் அதே தூரத்தில் இன்னொன்று. இரவிலும் விடுமுறை நாளிலும் போய்ப் பாருங்கள், ஆள் குறையும் நேரம் அதுதான். அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா, அழுத்தினால் எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று கடிகாரம் பாருங்கள். அவரிடம் தனியாக, கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள். ஊழியர் யாராவது நுழைந்ததும் பேச்சை நிறுத்தினால் அதையும் தேதியோடு எழுதுங்கள். ஒரு வாரத்தில் மாற்றமில்லை என்றால் நிர்வாகி, பிறகு உரிமம் தரும் அரசுத் துறை. புண்ணில் நாற்றம், சீழ், கருத்த தோல், காய்ச்சல் இவற்றில் ஏதாவது கண்டால் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.