நாற்றுப் பிரிக்கும் விரல்கள்

கேள்வி: எம்.ஓ.டி. (அன்றாட வேலைகள் வழியே சிகிச்சை தரும் ஆக்குபேஷனல் தெரபியில் முதுநிலை) முடித்து மன்னார்குடியில் வேலை பார்க்கிறேன். மனித அசைவியலில் (உடல் எப்படி அசைகிறது என்று ஆராயும் துறை) பிஎச்.டி. செய்தால் நோயாளிகளை விட்டு லேபுக்குள் முடங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை அம்மா. 1920-களில் சோவியத் விஞ்ஞானி பெர்ன்ஸ்டைன் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைத்தான் படம்பிடித்து ஆராய்ந்தார். அடி ஒரே இடத்தில் விழுந்தது. தோளும் முழங்கையும் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி அசைந்தன. எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு!

பக்கவாதம் வந்த, நடவு வேலை செய்த ஓர் அம்மா என்னிடம் வருகிறார். மரக்குச்சியைத் துளையில் செருகச் சொன்னால் விரல் விறைக்கிறது. நாற்றுக் கட்டைக் கொடுத்தால் கட்டைவிரல் மெல்லப் பிரிக்கிறது. ஏன்? இதுவே உங்கள் ஆய்வுக் கேள்வியாகலாம்.

முதுநிலையில் 55 சதவீதம் இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். முடிக்கக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும். அப்புறம், கல்லூரியைவிட ஆய்வு வழிகாட்டியைப் பார்த்துச் சேருங்கள்.