பல வருடம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் இருந்த அண்ணனை உசிலம்பட்டி வீட்டுக்கே அழைத்து வந்தால் சிகிச்சை எப்படித் தொடரும்?

தொடரும். ஆனால் ஏற்பாடு டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிய வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவுப்படி, அனுப்புமுன் மருத்துவர் அவரோடும் குடும்பத்தோடும் கலந்து பேசி மேற்கொண்டு சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் மருந்தில்தான். அதே மாத்திரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ, மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமோ கிடைக்குமா? கிடைக்காதென்றால் வார்டில் இருக்கும்போதே மாற்றிப் பார்ப்பது நல்லது. மற்ற மருந்து கேட்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த வெள்ளையணு பரிசோதனை உண்டு. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் என்றால், அதன் அளவைப் பார்க்கக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் காட்டு வேலை பார்த்தால் நிஜமாகவே கூடிவிடும். அறிகுறிகள்: கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம்.

மாத்திரை மறப்பவருக்கு உடம்பில் மெல்ல மெல்லக் கலக்கும் ஃப்ளூபெனசின் டெக்கனோயேட் ஊசி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று. தவறினால் உடனே தெரியாது. "ஊசி இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் நிறுத்திவிடுவது அதனால்தான். நோய் பையத்தான் திரும்பும். முதலில் தூக்கம் கெடும்.

குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19ஆம் பிரிவு. அதற்காகப் பதிவில்லாத விடுதியில் விட்டுவிடாதீர்கள். 2001இல் ஏர்வாடி மனநோயாளர் விடுதித் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியவில்லை.

ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் திணறினால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.