அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் பன்டர் (பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுப்பவர்) சராசரி 48 யார்டு, அப்புறமும் ஸ்பெஷல் டீம்ஸ் (உதை ஆட்டங்களுக்கான பிரிவு) ஏன் மோசம்?

நிகர சராசரியைப் பாருங்கள். நீங்கள் சொன்ன 48 யார்டு வெறும் உதையின் நீளம். எதிரணி திருப்பி ஓடிய தூரத்தையும், டச்பேக் (உதைத்த பந்து எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிவிடுவது) ஒவ்வொன்றுக்கும் 20 யார்டையும் அதில் கழிக்க வேண்டும். 55 யார்டு உதை டச்பேக் ஆனால் மிஞ்சுவது 35தான்.

நிகரம் குறைந்தால், பெரும்பாலும் பந்து தாழ்வாகப் பறந்து, உங்கள் ஆட்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எதிராளி கையில் விழுந்திருக்கும். அவர் பிடிக்கும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். சுற்றிலும் பத்து யார்டுக்கு யாருமே இல்லையா? கோளாறு அங்கேதான். இது சின்ன விஷயமே இல்லை: 2010இல் NFL அணியான சான் டியேகோ சார்ஜர்ஸ் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் யார்டு கணக்கில் முதலிடம், ஆனாலும் இந்தப் பிரிவின் ஓட்டைகளால் பிளேஆஃபைக் கோட்டைவிட்டது.

நடுக்கோட்டருகே உதைப்பவை குட்டையாகத்தான் இருக்கும், அவற்றைத் தனியே வையுங்கள். கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) எண்களை 2024க்கு முந்தையவற்றோடு ஒப்பிட வேண்டாம், NFL விதியே மாறிவிட்டது.