உலகில் அதிகம் அறியப்படாத விசித்திரமான மொழிகளில் உங்களைக் கவர்ந்தது எது?

என் ஓட்டு கூகு யிமிதிர் மொழிக்கு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் வடகோடியில், குக்டவுனை அடுத்த ஹோப்வேல் என்ற ஊரில் வாழும் பழங்குடிகளின் மொழி. 1770-ல் கேப்டன் குக்கின் ஆட்கள் 'கங்காரு' என்ற பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டது இவர்களிடம்தான். ஆனால் என்னை இழுத்தது கங்காரு இல்லை.

இவர்கள் இடப்பக்கம், வலப்பக்கம் என்று வழி சொல்வதில்லை. இடக்கை, வலக்கைக்குச் சொல் உண்டு, ஆனால் அது கையோடு சரி. மற்றதெல்லாம் நான்கு திசைதான். மேசைமேல் உள்ள கோப்பையைக் கொஞ்சம் மேற்கே தள்ளச் சொல்வார்கள். காலருகே எறும்பு ஊர்ந்தால், காலுக்கு வடக்கே எறும்பு.

மானிடவியலாளர் ஜான் ஹாவிலண்ட் 1980-ல் ஒரு பெரியவரை வீடியோ எடுத்தார். கடலில் படகு கவிழ்ந்து, நீந்திக் கரையேறிய கதையை அவர் சொன்னார். 2 வருடம் கழித்து அதே கதையை மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சனிடமும் சொன்னார். முதல் தடவை அவர் மேற்கு பார்த்து உட்கார்ந்திருந்தார்; படகு புரண்டதைக் காட்டிய கை முன்பக்கமாக உருண்டது. அடுத்த தடவை வடக்கு பார்த்து உட்கார்ந்தார். கை வலமிருந்து இடமாக உருண்டது. திசையை வைத்துப் பாருங்கள், இரண்டு தடவையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கவிழ்ந்திருக்கிறது! யாரும் அவரிடம் திசை கேட்கவில்லை, கை தானாகப் போயிருக்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. திசை தெரியாமல் சாதாரண வாக்கியம்கூடப் பேச முடியாது என்றால், குழந்தையிலிருந்தே மனசு அந்தக் கணக்கை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும். நமக்கும் இது முழுக்கப் புதிதில்லை. "கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு" என்று எங்கள் பாட்டி பாயில் இடம் காட்டுவார். மதுரை வட்டாரத்தில் எரிக் பெடர்சன் என்பவர் ஆய்வே செய்திருக்கிறார்: கிராமத்துத் தமிழர்கள் பெரும்பாலும் திசை சொல்கிறார்கள், நகரத்தார் இடம் வலம் என்கிறார்கள்.

இணையத்தில் சிலர் 'இவர்களுக்கு இடம் வலமே புரியாது' என்று எழுதுகிறார்கள். அது சும்மா. ஆங்கிலம் பேசும்போது இவர்களும் லெஃப்ட், ரைட் சொல்பவர்கள்தான்.

இந்த மக்கள் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. அங்கே கிறிஸ்தவ மிஷனை நடத்திய பாதிரியார் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், அரசு அவரைச் சிறை வைத்து, ஊரையே பெயர்த்துத் தெற்கே வெகுதூரத்தில் உள்ள வூராபிண்டாவுக்கு அனுப்பியது. அங்கே நோயில் ஏராளமானோர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் 1949 முதல்தான் திரும்ப முடிந்தது. இப்போது இளையவர்கள் பேச்சில் ஆங்கிலம் நிறையக் கலந்துவிட்டது, பெரியவர்களுக்கு இருந்த அந்தத் திசைத் துல்லியமும் அவர்களிடம் குறைந்து வருகிறது.