அம்மாவின் வளையலை முதியோர் இல்லம் பிடித்துவைக்கலாமா?

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு வயது 81. நான்கு வருடமாகக் கோவைக்கு வெளியே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் இருந்தார். போன மாதம் மருத்துவமனையில் தவறிவிட்டார். அப்பா முன்பே காலமாகிவிட்டார். காரியம் முடிந்த மறுநாள் இல்லத்திலிருந்து போன். “பத்து நாளில் அறையைக் காலி செய்யுங்கள், இல்லையென்றால் கட்டணம் ஓடும். 46,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. அதைக் கட்டிவிட்டு, சக்சஷன் சர்டிபிகேட்டும் கொண்டுவந்தால்தான் லாக்கரில் உள்ள இரண்டு வளையலையும் செயினையும் தருவோம்” என்கிறார்கள். நாங்கள் கட்டிய 2 லட்சம் டெபாசிட் பற்றிப் பேச்சே இல்லை. சேர்க்கைப் படிவத்தில் நாமினி என்று என் பெயர்தான் இருக்கிறது. அக்கா மதுரையில், தம்பி கனடாவில். தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் 15,000 கொடுத்தால் எல்லாச் சான்றும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த 15,000 ரூபாயை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள் சகோதரி. அந்த ஆளிடம் அப்புறம் வருகிறேன்.

அறை, பாக்கி, நகை என்று மூன்று தனித்தனி விஷயங்களை இல்லத்துக்காரர்கள் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார்கள். பயம் வருவது அந்த முடிச்சால்தான். ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

அறையில் பிடிவாதம் வேண்டாம். உடனே காலி செய்துவிடுங்கள். நகையைத் தந்தால்தான் சாவியைத் தருவோம் என்று நீங்கள் முறுக்கிக்கொண்டால், ஒவ்வொரு நாளும் டெபாசிட்டில் கை வைக்க அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இறப்புக்குப் பிறகு எத்தனை நாள் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பத்திரத்தின் நகலைக்கூட வாங்கி வைத்திருப்பதில்லை. இல்லையென்றால் இன்றே ஒரு நகல் கேளுங்கள்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள். முடிந்தால் அக்காவோடு போங்கள். அறைக் கதவைத் திறக்கும் முன்பே போனில் வீடியோவை ஓடவிடுங்கள். பீரோவைத் திறப்பது, பெட்டியை இறக்குவது எல்லாம் அதில் பதிவாகட்டும். ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். புடவை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ‘புடவைகள், ஒரு பெட்டி’ போதும். ஆனால் காது மெஷின், போன், சுவர்க் கடிகாரம், நீங்கள் வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலி, காற்று மெத்தை இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். கட்டிலும் மெத்தையும் இல்லத்துடையதா உங்களுடையதா என்ற சண்டை அடிக்கடி வரும். பில் இருந்தால் எடுத்துப் போங்கள். வயதானவர்கள் விலையுள்ளதை விலையுள்ள இடத்தில் வைப்பதில்லை. தலையணை உறைக்குள், சாமி படத்தின் பின்னட்டையில், காலி மருந்து டப்பாவில், சுருக்குப்பையில் பாருங்கள். வங்கி டெபாசிட் ரசீதும் நகைக்கடன் ரசீதும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். நகைக்கடன் ரசீதை வெறும் காகிதம் என்று நினைத்துக் கசக்கி எறிந்துவிட்டு, ஏலம் முடிந்த பிறகு என்னிடம் வந்து அழுத குடும்பம் உண்டு. அம்மாவின் போனை வாங்கினால் சிம்மை உடனே கழற்றி வீசாதீர்கள். வங்கிக் கணக்கு முடிகிறவரை அந்த எண் தேவைப்படும்.

சில இல்லங்களில் நீங்கள் போவதற்குள் எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருப்பார்கள். கோபம் வரும். கோபத்தை அடக்கிக்கொண்டு, ‘எங்கள் முன்னிலையில் அறை திறக்கப்படவில்லை’ என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். போடமாட்டேன் என்றால் அதையும் எழுதிவிட்டு, அன்றைக்கே அந்தப் பட்டியலை அவர்கள் வாட்ஸ்அப்புக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இந்த வேலையில் நான் மிகவும் பயப்படுவது ஒரு கையெழுத்துக்குத்தான். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு அச்சடித்த தாளை நீட்டுவார்கள். ‘எல்லாப் பொருட்களையும் முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இல்லத்தின் மீது இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் இருக்கும். துக்கத்தில் இருப்பவர் படிக்காமல் போட்டுவிடுவார். அந்த ஒரு வரியோடு டெபாசிட்டும் போனது, வளையலும் போனது என்றாகிவிடும். அந்த வரியை அடித்துவிட்டு, ‘பட்டியலில் கண்ட பொருட்கள் மட்டும் பெற்றேன், நகையும் டெபாசிட்டும் வரவேண்டியுள்ளது’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடிக்க விடவில்லையா? கையெழுத்தே வேண்டாம்.

சரி, பாக்கிக்கு வருவோம். பாக்கிக்காக வளையலைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்பதுதானே உங்கள் கவலை? ஒப்பந்தத்தில் வெளிப்படையாக அப்படி எழுதியிருந்தால் தவிர, இல்லை. பத்திரமாக வைக்கக் கொடுத்த பொருளை வேறொரு பாக்கிக்காக யார் யார் பிடித்துவைக்கலாம் என்று 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 171-ம் பிரிவு ஆள் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. வங்கி இருக்கிறது, கமிஷன் வியாபாரி இருக்கிறார், துறைமுகக் கிடங்குக்காரர் இருக்கிறார். உயர் நீதிமன்ற வக்கீலைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள். (ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் எங்கள் தலையில் குட்டியது வேறு கதை.) முதியோர் இல்லம் அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு உங்கள் விஷயத்தில் அவர்கள் கையில் ஏற்கெனவே 2 லட்சம் இருக்கிறது. 46,000 உண்மையான பாக்கி என்றே வைத்துக்கொண்டாலும் 1,54,000 அவர்கள்தான் உங்களுக்குத் தரவேண்டும். மாதவாரியாகக் கணக்குக் கேளுங்கள், எழுத்தில். வாயால் சொன்ன பாக்கி எழுத்துக்கு வரும்போது இளைத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நகையை ஒருவர் கையில் கொடுக்கத் தயங்குவதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். உங்களிடம் கொடுத்துவிட்டு, நாளை கனடாவிலிருந்து நோட்டீஸ் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? நாமினி என்று உங்கள் பெயர் இருப்பது உங்களை உரிமையாளர் ஆக்காது. நாமினி எல்லா வாரிசுகளுக்காகவும் வாங்கி வைக்கிறவர், அவ்வளவுதான். 1984-ல் எல்ஐசி பாலிசி வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உங்கள் அம்மா உயில் எழுதவில்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு குறைவு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். (நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன், மற்றவர்களுக்குக் கணக்கு வேறு.)

ஆனால் சக்சஷன் சர்டிபிகேட் கேட்கிறார்களே, அதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நீதிமன்றம் கொடுக்கும் அந்தச் சான்று வரவேண்டிய பணத்துக்கும் பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கும் உரியது. வளையலுக்கும் செயினுக்கும் அது பொருந்தவே பொருந்தாது! யாரோ ஒருவர் எப்போதோ சொன்னதைக் கேட்டு, ஒவ்வொரு அலுவலகமும் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி கேட்கிறது. இரண்டு வளையலுக்காக ஒரு குடும்பத்தை மாதக் கணக்கில் கோர்ட் படியேற விடுவது என்ன நியாயம்? உங்களுக்குள் தகராறு இல்லாதபோது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும், மூவரின் சம்மதமும், பின்னால் யாராவது உரிமை கோரினால் நாங்களே பொறுப்பு என்ற ஒரு பத்திரமும் தாராளமாகப் போதும். தம்பி விமானம் ஏற வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற கடிதம் அனுப்பட்டும். பவர் பத்திரமாகவே அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது அந்த 15,000 ஆசாமி. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நூறு ரூபாய்க்குள் முடிகிற கட்டணம். இறப்புச் சான்று, ஆதார் நகல்கள், விஏஓ விசாரணை, அவ்வளவுதான். இழுத்தடிப்பார்கள், மறுக்கவில்லை. ‘சார் லீவு’ என்பார்கள், ‘சர்வர் டவுன்’ என்பார்கள். அந்த இழுத்தடிப்பில்தான் வாசலில் நிற்கிறவர் பிழைக்கிறார். பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வேகமாக முடிக்க வேண்டும் என்று அவர் வெளிநாட்டில் இருப்பவரின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பம் போட்டுவிடுவார். கையெழுத்து உங்களுடையது. நாளை தம்பியே உங்கள்மேல் மோசடி என்று சொல்லும்படி ஆகிவிடும். மெதுவாகப் போனாலும் நீங்களே போடுங்கள், மூன்று பெயரையும் போடுங்கள்.

இறப்புச் சான்று சொந்த ஊரில் கிடைக்காது. உயிர் பிரிந்த இடத்து அலுவலகத்தில்தான் பதிவாகும். உங்கள் அம்மா மருத்துவமனையில் இறந்ததால் அவர்களே தகவல் கொடுத்திருப்பார்கள். இல்லத்திலேயே இறந்திருந்தால், 21 நாளுக்குள் சொல்ல வேண்டியது இல்லத்துப் பொறுப்பாளர். சத்திரம், விடுதி, கள்ளுக்கடை வரைக்கும் பெயர் சொல்லி, ‘அதன் பொறுப்பாளர் தகவல் தரவேண்டும்’ என்று 1969-ம் வருடச் சட்டம் சொல்கிறது. கள்ளுக்கடைக்காரருக்கு உள்ள கடமை தங்களுக்குக் கிடையாது என்று நினைக்கும் இல்லங்கள் இருக்கின்றன. எப்படியானாலும் சான்றில் அம்மா பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அம்மாவின் ஏடிஎம் கார்டைத் தொடவேண்டாம். பென்ஷன் வந்துகொண்டிருந்தால் இறப்புக்குப் பிறகு விழுந்த தொகையைத் திருப்பிக் கேட்பார்கள்.

நகை எண்ணிக்கை குறைந்தால்? உடனே பராமரிப்புப் பெண்ணின்மேல் பாயாதீர்கள். நகை, பணம் போன்றவற்றை உயிரோடு இருக்கும்போது கையில் எடுத்துக் கொடுத்தாலே சட்டப்படி தானம் முடிந்துவிடும், பத்திரம் தேவையில்லை. நாலு வருடம் மலம் ஜலம் எடுத்த பெண்ணுக்கு ஒரு தோடு கொடுக்க உங்கள் அம்மாவுக்கு மனம் இருந்திருக்கலாம். இறந்த பிறகு எடுத்ததென்றால் அது தனிக் குற்றம். இறந்தவர் வசம் இருந்த பொருளை அபகரிப்பதற்கென்றே பாரதிய நியாய சன்ஹிதாவில் 315-ம் பிரிவு இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. லாக்கரில் வைத்தபோது இல்லம் கொடுத்த ரசீதைத் தேடுங்கள். அது இல்லாமல் காவல் நிலையத்தில் உங்கள் பேச்சு எடுபடாது.

உங்களுக்குப் பொருந்தாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே இல்லங்களில் பிள்ளை இல்லாத சித்திகளும் அத்தைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை, உயிலும் இல்லை என்றால் அந்தப் பெண்ணின் பொருள் யாருக்குப் போகும் தெரியுமா? மாதாமாதம் இல்லத்துக்குப் பணம் கட்டிய அக்கா மகளுக்கு இல்லை. கணவனின் வாரிசுகளுக்கு! நாற்பது வருடமாக எட்டிப் பார்க்காத கொழுந்தன் மகன் வந்து நிற்பார், சட்டம் அவர் பக்கம் இருக்கும். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் அப்பா வழிக்குத் திரும்பும். கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை ‘வாரிசாக வந்தது’ ஆகாது, அது அன்பளிப்பு. ஆகவே அதுவும் கணவன் வழிக்கே. சொந்தச் சம்பளத்தில் வாங்கியதும் அப்படித்தான். புருஷன் வீட்டாரால் துரத்தப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து வேலை பார்த்துச் சம்பாதித்த ஒரு பெண்ணின் பணத்தைக்கூட 2009-ல் உச்ச நீதிமன்றம் கணவன் வீட்டாருக்கே கொடுத்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்றார்கள். மாற்றவேண்டியவர்கள் இன்னும் மாற்றவில்லை. அதனால் உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு சித்தி இருந்தால், வெள்ளைத் தாளில் ஒரு உயில், இரண்டு சாட்சி, அவர்கள் கண்முன்னே கையெழுத்து. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. சாட்சியாக இல்லத்து வார்டனைப் போடாதீர்கள், வேலை மாறிப் போய்விடுவார், தேடினால் கிடைக்கமாட்டார்.

உங்கள் கதைக்கே வருகிறேன். வாரிசுச் சான்று கைக்கு வந்ததும் நகை, டெபாசிட் மீதி, கணக்கு மூன்றையும் கேட்டு ஒரு கடிதம், 15 நாள் கெடு, ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு. அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கி நடத்தும் இல்லம் என்பதால் அது சேவைதான். இறந்த நுகர்வோரின் வாரிசு புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், பெண் என்பதாலேயே வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. கடிதத்தில் 171 என்ற எண்ணைப் பார்த்ததுமே மேலாளர் முதலாளிக்குப் போன் போடுவார்.

கோவைக்குக் கிளம்பும்போது வீட்டிலிருந்து ஒரு நல்ல பெட்டியும் இரண்டு பழைய வேட்டியும் எடுத்துப் போங்கள். அங்கே கறுப்புப் பைதான் தருவார்கள்.