164-க்கு 11: ஆளுங்கட்சி பலம் பற்றிச் சில கேள்விகள்

கே: 2024 தேர்தலில் ஆந்திர சட்டசபையின் 175-ல் 164 இடம் தெலுங்கு தேசம் தலைமையிலான ஆளும் கூட்டணிக்கு. மக்களே கொடுத்தது, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது சார்? (நகரி வாசகர்)

மக்கள் கொடுத்தது ஓட்டு. அதை இடமாக மாற்றியது தேர்தல் முறை. 2019-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கிட்டத்தட்ட பாதி ஓட்டு வாங்கி 151 இடம் பிடித்தது. சுமார் 39 சதவீதம் வாங்கிய தெலுங்கு தேசத்துக்கு 23 இடம். 2024-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கும் அதே 39 சதவீதம்தான், கிடைத்தது 11. ஊரில் ஐந்து பேருக்கு இரண்டு பேர் அந்தக் கட்சிக்குப் போட்டிருக்கிறார்கள். சபையில் எண்ணினால் பதினாறு பேருக்கு ஒருவர். ஜெயித்தவர் ஆளட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. 'மொத்த ஜனமும் எங்கள் பக்கம்' என்று பேச ஆரம்பித்தால்தான் கணக்கு இடிக்கிறது.

கே: 11 பேர் என்பதால் எதிர்க்கட்சித் தலைவர் பதவி கிடையாதாமே? (குப்பம் ஆசிரியை)

பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 பேர் வேண்டும் என்பது வழக்கம். அரசியல் சாசனத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை, முடிவு சபாநாயகர் கையில். 1984-ல் காங்கிரஸ் மக்களவையில் 400 இடங்களைத் தாண்டியபோது அடுத்த பெரிய கட்சி 30 இடம் பிடித்த தெலுங்கு தேசம். அன்று அவர்களுக்கும் இந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை! டெல்லியில் 2015-ல் 70-க்கு 67 ஜெயித்த ஆம் ஆத்மி ஆட்சியில், மூன்றே பேர் இருந்த பா.ஜ.க.வுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. மனமிருந்தால் மார்க்கம் உண்டு. அதற்காகப் பதவி தரவில்லை என்று சபையைப் புறக்கணிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுப் போட்டவர் சார்பில் அப்புறம் யார் கேள்வி கேட்பது?

கே: எங்கள் பஞ்சாயத்தில் 2021-ல் ஏகக்ரீவம், அதாவது போட்டியின்றித் தேர்வு. அடிதடி இல்லை, அரசின் ஊக்கத்தொகையும் உண்டு. நல்லதுதானே? (புத்தூர் பக்கத்து விவசாயி)

ஏகக்ரீவத்தில் இரண்டு ரகம். பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசி ஒருவரை நிறுத்துவது ஒன்று. மனு கொடுக்கக் கிளம்பியவரை வீட்டிலேயே உட்கார வைப்பது இன்னொன்று. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மக்கள்தொகையைப் பொறுத்து 5 முதல் 20 லட்சம் வரை என்று அரசே பரிசு வைத்தால், போட்டியிட நினைப்பவர் ஊர்ப் பணத்தைக் கெடுத்தவர் ஆகிவிடுகிறார்.

அதே ஆண்டு நகராட்சித் தேர்தலில் புங்கனூர், புலிவெந்துலா, மாசர்லா ஆகிய ஊர்களில் ஒரு வார்டில்கூடப் போட்டி இல்லை. என் தெருவில் தண்ணீர்க் குழாய்க்கே நாலு கட்சி. ஒரு டவுன் முழுக்க எதிராளியே இல்லை என்றால் எப்படி நம்புவது? மூன்றே வருடத்தில் மாசர்லா சட்டசபைத் தொகுதியில் தெலுங்கு தேசம் ஜெயித்தது. ஆக, எதிர் ஓட்டு அங்கேதான் இருந்திருக்கிறது, போடத்தான் பெட்டி இல்லை. போட்டியில்லாத இடத்தில் நோட்டாவும் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஊர் எந்த ரகம் என்று தெரிய, மனுவை வாபஸ் வாங்கியவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள்.

கே: அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் கேட்டால், கட்சிக்காரரைப் பார்த்துவிட்டு வா என்கிறார்கள். (சத்தியவேடு வாசகர்)

பார்க்க வேண்டாம். சச்சிவாலயத்தில், அதாவது உங்கள் ஊர் அரசு அலுவலகத்தில், எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் சொல்லியாக வேண்டும். இது இன்று முளைத்த வியாதி இல்லை. போன ஆட்சியில் 50 வீட்டுக்கு ஒரு வாலண்டியர், பென்ஷனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பவர், இருந்தார். அரசு ஆளா, கட்சி ஆளா என்ற சந்தேகம் முற்றி, 2024 தேர்தல் சமயத்தில் பணம் கொடுக்கும் வேலையிலிருந்து தேர்தல் ஆணையம் அவர்களை விலக்கியது. அமராவதி சட்டசபையில் யாருக்கு எத்தனை இடம் என்பதைவிட, உங்கள் அம்மா யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

கே: நாங்கள் பாலக்காட்டுச் சித்தூர். 2021-ல் இங்கும் ஆட்சி மாறாமல் தொடர்ந்ததே, அதுவும் ஆபத்தா? (வாசகர்)

சித்தூர் என்றதும் நம்மூர் ஆந்திரச் சித்தூர்க் கடிதம் என்று நினைத்துவிட்டேன்! கேரளத்தில் இடது முன்னணிக்கு அப்போது 140-ல் 99. எதிரே 41 பேர், சபையில் கேள்வி கேட்க அது தாராளம். 2019 மக்களவைத் தேர்தலில் 20-ல் 19-ஐக் காங்கிரஸ் அணிக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். உங்களை நினைத்து எனக்குக் கவலை குறைவு.