கிறிஸ்துமஸ் இரவின் வெற்றி

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் மாற்று ஆட்டக்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், ‘வெற்றி எந்த வழியில் வந்தாலும் அதைக் கொண்டாடத் தெரியாதவர்கள் நன்றி மறந்தவர்கள்’ என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து ஒரு முகம் என் நினைவை விட்டு அகலவில்லை.

2017 கோடையில் நாங்கள் பிலடெல்பியாவுக்கு அருகே குடிவந்தோம். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு ஈகிள்ஸ் அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களை அழைத்திருந்தார். பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை குவார்ட்டர்பேக் என்கிறார்கள்; அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் காயம்பட்டுப் போனதால், மாற்று ஆட்டக்காரரான நிக் ஃபோல்ஸ் ஆடினார். ஓக்லாந்து ரெய்டர்ஸை 19-10 என்று வென்றார்கள். எனக்கு அப்போது விதிகள் பாதிதான் தெரியும். வென்றுவிட்டோம் என்று மட்டும் புரிந்துகொண்டு கைதட்டினேன். வேறு யாரும் கைதட்டவில்லை. இழவு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று கூச்சமாகிவிட்டது. “இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவர் தொலைக்காட்சியை அணைத்தார். ஆறு வாரம் கழித்து, ஆண்டின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற இரவில், அதே மனிதர் தெருவில் நின்று குழந்தையைப் போல அழுதார்.

அவர் நன்றி மறந்தவரா? அந்த இரவில் அவர் கண்டது தவறா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இப்போது பத்து வயதாகும் என் மகன், “அந்தக் கோப்பையை வென்றது வென்ட்ஸா, ஃபோல்ஸா?” என்று கேட்கிறான். என்ன சொல்வது?

அன்புடன்,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் தொலைக்காட்சியை அணைத்த விதத்தைப் படித்ததும், அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் அன்று பார்த்தது சரி. பார்த்ததிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறிப்போனது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டதுதான் என் பிழை.

அந்த ஆட்டத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. பெரும்பாலும் மூன்றாவது வாய்ப்பில்தான் ஓர் அணியின் தலையெழுத்து தீர்மானமாகும். அந்த இரவு ஈகிள்ஸ் அணிக்கு வந்த 14 மூன்றாம் வாய்ப்புகளில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. ஃபோல்ஸ் எறிந்த 38 பந்துகளில் 19 போய்ச் சேர்ந்தன. மொத்தம் 163 யார்டு. ரெய்டர்ஸ் பல முறை பந்தைப் பறிகொடுத்தும் கடைசி நிமிடத்தில் ஆட்டம் 10-10 என்று நின்றது. ரொனால்ட் டார்பி எதிரணியின் பந்தை இடைமறித்துப் பிடித்தார். ஜேக் எலியட் 48 யார்டிலிருந்து உதைத்து மூன்று புள்ளிகள் எடுத்தார். கடைசி நொடியில் ரெய்டர்ஸ் தட்டுத்தடுமாறிக் கைமாற்றிய பந்து கீழே விழ, டெரெக் பார்னெட் அதை எடுத்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடி ஆறு புள்ளிகள் சேர்த்தார். அப்படித்தான் 13-10 என்பது 19-10 ஆயிற்று. மறுநாள் நாளிதழில் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் கிடைத்த நிம்மதியான வெற்றி. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ மூன்று மணி நேர மூச்சுத்திணறல். அந்த வெற்றியால், லீகின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யில் முதலிடமே உறுதியானது. அப்படியிருந்தும் கைதட்டல் எழவில்லை என்றால், அங்கிருந்தவர்களுக்கு ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தது என்றுதான் பொருள்.

அதற்கு முந்தைய வாரம் நிலைமை தலைகீழாக இருந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸை 34-29 என்று வென்றார்கள். பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டு சேர்ப்பதை டச் டவுன் என்பார்கள்; ஃபோல்ஸ் நான்கு டச் டவுன்கள் எறிந்தார். “வென்ட்ஸ் இல்லாவிட்டாலும் கவலையில்லை” என்று பேச்சு கிளம்பியது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஈகிள்ஸ் வீரர்கள் எதிரணியின் உதைகளில் மூன்றைக் கையாலும் உடலாலும் தடுத்திருந்தார்கள். ஒரே ஆட்டத்தில் மூன்று உதைகளைத் தடுப்பது எப்போதோ ஒரு முறை நடப்பது. தடுப்பு வரிசையோ 500 யார்டுக்கு மேல் விட்டுக்கொடுத்திருந்தது. எனக்குக் கிறிஸ்துமஸ் இரவின் மௌனத்தைவிட இந்த மகிழ்ச்சியில்தான் குறை தெரிகிறது. நான்கு டச் டவுன் என்ற எண் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அந்த ஊரின் பயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈகிள்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1960இல். அப்போது சூப்பர் பவுல் என்ற ஒன்றே கிடையாது. பிறகு இரண்டு முறை சூப்பர் பவுல் வரை போய்த் தோற்றார்கள். 2017இல் வென்ட்ஸ் 13 ஆட்டங்களில் 33 டச் டவுன்கள் எறிந்து, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் என்று பேசப்பட்ட நேரத்தில், டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய இடது முழங்கால் தசைநார் அறுந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் வாயருகே வந்த கவளம் தட்டிவிடப்பட்டதைப் பார்த்தார்கள். அவர்களிடம் போய் வெற்றியைக் கொண்டாடுங்கள் என்று நான் உபதேசம் செய்திருக்கக் கூடாது. வெற்றி ஊர்வலத்தன்று இறந்துபோன தந்தையின் அஸ்தியைக் கையில் எடுத்துவந்தவர்களும் அந்த ஊரில் இருந்தார்கள்.

இனி, பெரியவரின் முடிவு எங்கே தவறியது என்பதற்கு வருகிறேன். ஃபோல்ஸ் இவ்வளவுதான் என்று அவர் நினைத்தார். ஊரே அப்படித்தான் நினைத்தது. மாற்று ஆட்டக்காரரை நாம் எப்போதுமே படியில் அளந்த அரிசியாகப் பார்க்கிறோம்: முதன்மை ஆட்டக்காரர் ஒரு படி, இவர் அரைப்படி, மீதியை மற்றவர்கள் ஈடுகட்ட வேண்டும் என்று. அந்த அரைப்படி எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

குவார்ட்டர்பேக் என்பவர் வெறுமனே பந்தை எறிபவர் அல்லர். பந்து போய்ச் சேரும் இடத்துக்குப் பிடிப்பவர் வருவதற்கு முன்பே அது கையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இன்னார் பத்தாவது அடியில் திரும்புவார், இன்னார் அரை நொடி தாமதிப்பார் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியில் ஒன்றாக ஆடி ஆடித்தான் அது வரும். ஆனால் ஆட்டக்காலம் தொடங்கிவிட்டால் முதல் அணியோடு பயிற்சி பெறும் வாய்ப்பு ஏறத்தாழ முழுவதும் முதன்மை குவார்ட்டர்பேக்குக்குத்தான். மாற்று ஆட்டக்காரரின் பெரும்பாலான வேலை, அடுத்த வார எதிரணியைப் போல நடித்துத் தன் தடுப்பு வரிசையைத் தயார் செய்வது. ஃபோல்ஸுக்கு அந்த ஆண்டு முழங்கையில் வலி இருந்ததால் தொடக்கப் பயிற்சி ஆட்டங்களும் கை நழுவின. ஆக, டிசம்பரில் நீங்கள் பார்த்தது சமையலறையில் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர் விருந்து சமைத்ததை.

அதைவிட முக்கியமானது, அவரை வென்ட்ஸாக ஆடச் சொன்னார்கள் என்பது. வென்ட்ஸின் பலம், ஆட்டம் சிதறிய பிறகு தொடங்கும். பிடிக்க வருபவர்களிடமிருந்து நழுவி ஓடி, எங்கோ ஒருவரைக் கண்டுபிடித்து எறிவார். ஃபோல்ஸ் நின்ற இடத்தில் நின்று, சட்டென்று முடிவெடுத்து, தூரமாக எறிபவர். 2013இல் இதே ஈகிள்ஸ் அணியில் 27 டச் டவுன்களும் இரண்டே இரண்டு இடைமறிப்புகளுமாக அவர் ஆடியது அப்படித்தான். அதில் ஏழு டச் டவுன்கள் ஒரே ஆட்டத்தில், இதே ரெய்டர்ஸுக்கு எதிராக எறிந்தவை. பிறகு அணி அவரை அனுப்பிவிட்டது. செயின்ட் லூயிஸில் ஓர் ஆண்டு தடுமாறினார். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். கான்சஸ் சிட்டியில் ஓராண்டு ஆடிவிட்டுத் திரும்பி வந்தார்.

பயிற்சியாளர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஏன் அவர்களுக்குப் புரிந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன் தன் ஆட்ட வாழ்வின் பெரும்பகுதியை டான் மரினோ, பிரெட் ஃபாவ்ர் போன்ற பெரிய ஆட்டக்காரர்களின் பின்னால் பெஞ்சில் கழித்தவர். 1999இல் இதே பிலடெல்பியாவில், புதியவர் டானவன் மக்னாப் தயாராகும்வரை இடத்தை நிரப்பியவர். சொந்த மைதானத்திலேயே கூச்சலைக் கேட்டவர். தாக்குதல் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் பஃபலோ அணியில் ஜிம் கெல்லிக்கு மாற்றாக இருந்தவர். 1993 ஜனவரி 3 அன்று, கெல்லி காயத்தால் ஆடாத பிளே-ஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தில், ஹூஸ்டன் அணியிடம் 35-3 என்று பின்தங்கியிருந்து 41-38 என்று வென்று காட்டியவர். மாற்று ஆட்டக்காரரின் மனம் எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிசம்பர் 31 அன்று டாலஸிடம் 6-0 என்று தோற்றார்கள். சிறிது நேரமே ஆடிய ஃபோல்ஸ் 11 பந்துகளில் நான்கைத்தான் சேர்த்தார். முதலிடத்துக்குக் கிடைத்த ஒரு வார ஓய்வுக்குப் பிறகு, அட்லாண்டாவுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில், குறிப்பாக இரண்டாம் பாதியில், வேறு ஆட்டம் தெரிந்தது. பந்தை வாங்கியதும் எதிரணியின் ஒரே ஒரு தடுப்பாளர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்து, ஓடுபவரிடம் கொடுப்பதா எறிவதா என்று அந்தக் கணத்தில் முடிவெடுக்கும் முறை அது. ஆர்.பி.ஓ. என்பார்கள். ஃபோல்ஸுக்குப் பழைய நாளிலிருந்தே பழகியது. 30 பந்துகளில் 23ஐச் சேர்த்தார். அதிர்ஷ்டமும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை: முதல் பாதியின் இறுதியில் அவர் தவறாக எறிந்த ஒரு பந்து எதிரணி வீரரின் முழங்காலில் பட்டுத் தெறித்து டோரி ஸ்மித்தின் கையில் போய் விழுந்தது. 15-10 என்று வென்றார்கள். உங்கள் பெரியவர் அன்றும் நம்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அதையும் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் மின்னசோட்டா. அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி. அவர்களை 38-7 என்று நொறுக்கினார்கள். ஃபோல்ஸ் 352 யார்டு, மூன்று டச் டவுன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது அவருடைய ஆட்டம். கிறிஸ்துமஸ் இரவுக்கும் அதற்கும் இடையில் நான்கு வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

சூப்பர் பவுலைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை, நீங்களே பார்த்திருக்கிறீர்கள். டாம் பிரேடி 505 யார்டு எறிந்தும் நியூ இங்கிலாந்து 41-33 என்று தோற்றது. ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். முதல் பாதி முடிய 38 நொடி. நான்காவது வாய்ப்பு, எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு ஒரு யார்டு. ஃபோல்ஸ் பக்கக் கோட்டுக்கு வந்து, குவார்ட்டர்பேக்கே பந்தைப் பிடிக்கும் அந்த வினோத ஆட்டத்தை ஆடலாமா என்று தானே பயிற்சியாளரிடம் கேட்கிறார். பீடர்சன் ஒரு கணம் யோசித்துச் சரி என்கிறார். பந்து கோரி கிளெமன்டிடம் போய், டிரே பர்டனிடம் மாறி, யாரும் கவனிக்காமல் நழுவிய ஃபோல்ஸின் கைக்கு வந்து சேர்கிறது. இடத்தை நிரப்ப வந்தவர் என்று எல்லோரும் நினைத்த ஒருவர், நாட்டின் மிகப் பெரிய ஆட்டத்தில் அப்படிக் கேட்கிறார் என்றால், அந்த ஆறு வாரத்தில் யாரோ அவரிடம் “நீ நீயாக ஆடு” என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்.

மகனின் கேள்விக்கு வருகிறேன். பாகப்பிரிவினையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிலடெல்பியாவில் பல ஆண்டு இந்த வழக்கு ஓடியது. 2018இலும் வென்ட்ஸுக்கு முதுகில் காயம், மறுபடி ஃபோல்ஸ், மறுபடி பிளே-ஆஃப். 2019இல் ஃபோல்ஸ் ஜாக்சன்வில்லுக்குப் போனார். 2021இல் வென்ட்ஸும் அணியை விட்டுப் போனார். இரு தரப்பும் சளைக்காமல் பேசின. ஒருவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் இன்னொருவருக்குக் குறையும் என்ற கணக்கில் அந்தப் பேச்சு நடந்தது எனக்கு வருத்தம்தான்.

மகனுக்கு டிசம்பர் 10 ஆட்டத்தின் கடைசிப் பகுதியைக் காட்டுங்கள். முழங்கால் போன பிறகும் வென்ட்ஸ் களத்தை விட்டு வெளியேறவில்லை. மேலும் நான்கு முறை பந்தை வாங்கி ஆடி, நான்காவதில் அல்ஷான் ஜெஃப்ரிக்கு ஒரு டச் டவுன் எறிந்துவிட்டுத்தான் உள்ளே நடந்து போனார். பிறகு ஃபோல்ஸ் வருகிறார். ஈகிள்ஸ் 37-35 என்று முன்னால் இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை. மூன்றாவது வாய்ப்பு, எட்டு யார்டு வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போகும், ஆட்டமும் போகலாம். ஃபோல்ஸ் நெல்சன் அகலோருக்கு எறிகிறார். ஒன்பது யார்டு. அந்த ஒரு பந்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரியவர் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார் என்றால் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.